மலிவு விலைச் சிறிய ரிவோல்வர்: தமையனாருக்கு ஒரு பதில், உங்களுக்கு வேறொன்று

கேள்வி: ஐயா, நான் கண்டாவளைப் பக்கத்தில் நெல் வாங்கி விற்கும் தொழில் செய்கிறேன். அறுவடைக் காலத்தில் கிளிநொச்சி வங்கியில் காசு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தனியே வருவேன். வீட்டில் மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், வயதான அம்மா. சென்ற மாதம் எங்கள் வீதியில் ஒரு வீட்டுக்குள் இரவில் வாளோடு புகுந்து நகையும் காசும் கொண்டு போனார்கள். ஹூஸ்டனில் கடை நடத்தும் என் அண்ணர் தனக்கு டோரஸ் 856 என்ற சிறிய ரிவோல்வர் வாங்கப் போகிறார். விலை மலிவு, ஆறு ரவை, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகலாம், வீட்டுக்கும் உதவும் என்கிறார். என்னையும் அனுமதி எடுத்து அப்படியொன்று வாங்கச் சொல்கிறார். அது நல்லதுதானா? இங்கே சாத்தியமா? இதற்கிடையில் அனுமதிப்பத்திரம் இல்லாத பழைய வெப்ளி ரிவோல்வர் ஒன்று குறைந்த விலைக்கு இருக்கிறதென்று ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைப் பற்றியும் எழுதுங்கள்.
— வாசகர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன், மற்றவை ஆறுதலாகப் பேசக்கூடியவை, இது அப்படியல்ல. அந்த வெப்ளியை வாங்க வேண்டாம், பார்க்கவும் போக வேண்டாம், "யோசித்துச் சொல்கிறேன்" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கூட விட வேண்டாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி ஒரு சுடுகலனைக் கைவசம் வைத்திருப்பதே குற்றம். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. வன்னியில் அப்படியொரு வழக்கு அந்தக் கட்டளைச் சட்டத்தோடு மட்டும் நின்றுவிடும் என்று எண்ணவும் கூடாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் எங்கள் பக்கத்தில் எவ்வெவற்றுக்கெல்லாம் இழுக்கப்பட்டது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அது கெட்ட வியாபாரம். பிரித்தானியப் படைகளுக்காகச் செய்யப்பட்ட .38 வெப்ளி ரிவோல்வர், .38/200 என்ற குறைந்த அழுத்த ரவைக்காகச் செய்யப்பட்டது. உங்கள் தமையனார் சொல்லும் ரிவோல்வர் சுடுவது .38 ஸ்பெஷல் என்ற ரவை. இரண்டின் பெயரிலும் 38 இருப்பதால் ஒன்றென்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் வெப்ளியின் ரவை கட்டையானது, சற்றுப் பருமனானது. ஸ்பெஷல் நீளமானது, சற்று ஒடுங்கியது, அழுத்தமும் கூடியது. போருக்குப் பின் கழித்து விற்கப்பட்ட பழைய படைத்துறை ரிவோல்வர்கள் பலவற்றில், ஸ்பெஷல் ரவை உள்ளே போகும்படி அறையைக் கடைந்து நீட்டிவிட்டார்கள். அப்படிக் கடைந்த அறையில் ரவையின் கோது நடுவில் வீங்கும், சிலவேளை பிளக்கும். குறைந்த விலைக்கு, யாரிடமிருந்து வந்ததென்று தெரியாமல் வரும் ஒரு பழைய ரிவோல்வரின் உள்ளே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள். காணி துப்புரவு செய்யும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த சாமான் என்றால் இன்னும் மோசம்: அதைத் தொடாமல் பொலிசுக்கு அறிவிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி தமையனாரின் டோரஸ் 856. பொலிஸ் சேவையில் ஆயுதக் களஞ்சியப் பொறுப்பிலும் பின்னர் சுடுபயிற்சி கொடுப்பதிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது ஏமாற்றுச் சாமான் அல்ல. பிரேசில் நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டு அங்குலக் குழல்,.38 ஸ்பெஷல் ரவை ஆறு, உருக்கு உடலோடு வெறுமையாக ஏறத்தாழ 620 கிராம் நிறை. இதே அளவுச் சிறிய ரிவோல்வர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1950இல் வெளியிட்ட ஐந்து ரவை ரிவோல்வர். பொலிஸ் தலைவர்களின் மாநாட்டில் காட்டப்பட்டதால் அதற்கு 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்றே பெயர் வந்தது. அதே நிறுவனத்தின் இன்றைய 642 அலுமினியக் கலப்பு உடலோடு ஏறத்தாழ 410 கிராம்தான், ஆனால் ரவை ஐந்து, விலையும் டோரசைவிடக் கூட. ஆகவே கொடுக்கும் காசுக்கு ஒரு ரவை மேலதிகமாகவும், உருக்கின் நிறையும் கிடைப்பது 856இன் உண்மையான சாதகம். நிறையை நான் சாதகத்தில் சேர்ப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கடைக்காரர்கள் இலேசானதைத்தான் புகழ்வார்கள். இரண்டும் சுடுவது ஒரே ரவை என்பதால், இலேசானதன் பின்னுதைப்பு முழுவதும் கையில்தான் வந்து விழும். இலேசான ரிவோல்வரை வாங்கியவர்கள் ஒரு பெட்டி ரவை சுட்டபின் அடுத்த பெட்டியைத் திறக்க மனமில்லாமல் அலுமாரிக்குள் வைத்துவிடுவதே வழக்கம், அப்படி வைத்தவர் ஆபத்து நேரத்தில் சுடத் தெரியாதவராகவே நிற்பார்.

இந்த விடயத்தில் எல்லோரும் விடும் தவறு, சிறியது என்றால் சுலபமானது என்று எண்ணுவதுதான். புதிதாகப் பழகுபவருக்கு, வயதானவருக்கு, பெண்களுக்கு என்று சிறிய ரிவோல்வரைச் சிபாரிசு செய்யும் பழக்கம் உலகம் முழுவதும் உண்டு. இந்தியாவில் 2014இல் பெண்களுக்காகவென்றே 'நிர்பீக்' என்ற ரிவோல்வரை அரசாங்கத் தொழிற்சாலை வெளியிட்டபோதும், அரைக் கிலோ நிறை என்பதைத்தான் முன்னால் வைத்து விளம்பரம் செய்தார்கள். கையில் தூக்குவதற்கு அது சுலபம் என்பது சரி. சுடுவதற்கு இதைப் போலக் கடினமான கைத்துப்பாக்கி வேறில்லை. குதிரையை (ரவையின் அடியில் போய் அடிக்கும் பின்புறச் சுத்தியலை) கையால் பின்னிழுக்காமல் விசையை மட்டும் விரலால் இழுத்துச் சுடும்போது, விரல் கொடுக்க வேண்டிய இழுவை பத்து முதல் பன்னிரண்டு இறாத்தல் வரை வரும். அதாவது ஏறக்குறைய ஐந்து கிலோ. அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடிய ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே கையின் ஒரு விரலால் ஐந்து கிலோ இழுக்க வேண்டும். குழல் இரண்டே அங்குலம் என்பதால் அதன் மேல் குறிபார்ப்பதற்கென்று உள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரமும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சரிவு ஏழு மீற்றருக்கு அப்பால் பெரிய விலகலாகிவிடும். புதியவர்களின் குண்டுகள் இலக்கின் கீழ்ப்பக்கத்திலேயே போய் விழுவதைப் பயிற்சித் திடலில் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். துவக்கில் பிழையில்லை, வெடி வரப்போகிறதே என்று மணிக்கட்டு முந்திக்கொள்கிறது.

ஆகையால் தமையனார் கடையில் விலையைக் கேட்க முன்னர் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். ரிவோல்வர் வெறுமையாக இருக்கிறதென்று கடைக்காரரும் அவரும் தனித்தனியே பார்த்து உறுதிசெய்த பின், கடைக்காரரின் சம்மதத்தோடு, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடித்து, குழலின் மேற்புறத்தில் முன்குறிக்குப் பின்னால் ஒரு சிறிய நாணயக் குற்றியை வைக்கச் சொல்ல வேண்டும். விசையை முழுவதுமாக, நிறுத்தாமல் இழுக்க வேண்டும். குதிரை விழுந்த பின்னும் குற்றி இருந்த இடத்திலேயே இருந்தால் அந்தக் கைக்கும் அந்த விசைக்கும் பொருந்திப் போகிறது. விழுந்தால், பழகினால் சரிவருமா, பிடி சின்னதா, விசை கரடுமுரடா என்பதைப் பார்க்க வேண்டும். விசை கனமாக இருப்பது வேறு, நடுவழியில் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு வருவது வேறு; கனத்துக்குப் பழகலாம், தட்டுப்படுவதற்குப் பழக முடியாது. ஒரே மாதிரியான இரண்டு மூன்று ரிவோல்வர்களை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தால் மலிவு வகைகளில் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரியும். அண்ணியாரும் வீட்டில் அதைக் கையாள வேண்டிவரும் என்றால், அவரும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ஒரு விரலால் இழுக்க முடியாமல் இரண்டு விரல் போடும் ஒருவருக்கு அது பாதுகாப்பல்ல.

அடுத்தது பொருத்தம். மலிவு விலை ரிவோல்வரில் நிறுவனம் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இரும்பில் அல்ல, கையால் பொருத்திச் சரிபார்க்கும் நேரத்தில். எனவே அந்தச் சரிபார்ப்பை வாங்குபவரே செய்ய வேண்டியிருக்கிறது. ரவை போடும் உருளையைத் திறந்து, குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மூடிய பின், குதிரையைப் பெருவிரலால் மிக மெதுவாகப் பின்னிழுத்தால், குதிரை முழுவதும் பின்னுக்கு வந்து நிற்கும் முன்னரே, அல்லது அதே கணத்தில், உருளை 'டிக்' என்று தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது உண்டு. பிந்தும் அறையின் ரவை குழலின் வாய்க்கு நேராக நில்லாமல் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகும். அதன் ஈயத் துணுக்குகள் பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் தெறிக்கும். விசையை இழுத்தபடியே வைத்துக்கொண்டு உருளையைப் பக்கவாட்டில் ஆட்டினால் மிகச் சிறிய அசைவு இருக்கலாம், முன்னும் பின்னுமான அசைவு ஏறக்குறைய இருக்கவே கூடாது. ஒரு வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் உருளைக்கும் குழலுக்கும் இடையில் மயிர்க்கோடாக வெளிச்சம் தெரியும். அது இரு புறமும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று முதல் ஐந்திலொன்று வரை இருந்தால் நல்லது. கடைசியாக, குதிரையைப் பின்னிழுத்து நிறுத்திவிட்டு, விசையைத் தொடாமல் பெருவிரலால் குதிரையை முன்னோக்கித் தள்ள வேண்டும். விழுந்தால் அந்த ரிவோல்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

புதியதாக வாங்கினாலும் இத்தனையும் செய்ய வேண்டும். பாவித்தது என்றால் கட்டாயம் செய்ய வேண்டும்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குதிரை சட்டையிலும் உட்சட்டையிலும் கொளுவும். 856இல் குதிரை உள்ளே மறைந்த வகையும் விற்கிறார்கள். உடலோடு கொண்டு திரிவதற்கு அதுவே மேல். குதிரையைப் பின்னிழுத்து வைத்துவிட்டு இலேசான விசையில் சுடும் வசதி அதில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பயந்த கையில் அந்த இலேசான விசைதான் எண்ணாத நேரத்தில் வெடிக்கும். கீழே விழுந்தால் வெடிக்குமோ என்ற பழைய பயமும் இதில் வேண்டியதில்லை. விசையை முழுவதும் இழுத்தாலன்றிக் குதிரையின் அடி ரவைக்குப் போய்ச் சேராதபடி ஒரு இடைத்தண்டு இக்கால ரிவோல்வர்களில் இருக்கிறது. பழைய ரிவோல்வர்கள் பலவற்றில் அது இருக்காது, அந்த வெப்ளிக்காரரின் சாமானுக்கு எதிரான இன்னொரு காரணமாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரவையைப் பொறுத்தவரை, அதிக அழுத்தமுள்ள 'பிளஸ் பி' வகையைச் சுடும் தகுதி 856க்கு உண்டு. தகுதி இருப்பதற்காக அதையே போட வேண்டுமென்பதில்லை. இரண்டு அங்குலக் குழலில் அந்த மேலதிக மருந்தின் பெரும் பங்கு சத்தமாகவும் குழலின் வாயில் நெருப்பாகவும் போய்விடும். இருட்டறைக்குள் முதல் வெடியோடு சுட்டவரின் கண்ணும் காதும் மந்தித்துவிடும். குண்டின் நுனி தட்டையான, குண்டு 148 கிரெயின் (ஏறத்தாழ 9.6 கிராம்) எடையுள்ள, மெதுவான பயிற்சி ரவைகளையே தற்காப்புக்கும் போடச் சொல்லும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அடுத்த வெடியைக் குறி தவறாமல் வைக்க முடிகிறதா என்பதே அவர்களுடைய கணக்கு, நானும் அந்தப் பக்கம்தான். இன்னொன்று: குட்டைக் குழலுக்கேற்ப வெளித்தள்ளும் தண்டும் குட்டை. சுட்ட கோதுகளை அது முழுவதும் வெளியே தள்ளாது. குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, தண்டை உள்ளங்கையால் ஒரே அடியாக அடித்துத்தான் கோதுகளை வீழ்த்த வேண்டும். மெதுவாகத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள் வெளித்தள்ளும் தண்டின் தலையிலுள்ள நட்சத்திர வடிவத் தகட்டுக்குக் கீழே விழுந்து, உருளை மூட முடியாமல் இறுகிப்போகும். ரிவோல்வர் ஒருபோதும் மக்கர் பண்ணாது என்பவர்களுக்கு இது தெரியாது.

உடலோடு கொண்டு திரிவதற்கும் வீட்டுக்கும் ஒன்றே போதுமா என்பதற்கு என் பதில், இரண்டுக்கும் அரைகுறையாகத்தான் போதும் என்பது. வீட்டில் வைத்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே சிறுமையால் வரும் கஷ்டங்கள் மட்டும்தான் மிஞ்சும். நாலு அங்குலக் குழலும் முழுக் கைப்பிடியும் உள்ள சாதாரண அளவு ரிவோல்வர் வீட்டுக்கு எவ்வளவோ மேல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அதே 856இன் மூன்று அங்குலக் குழல் வகையை உருக்கு உடலோடு தமையனார் பார்க்கட்டும். மலிவாக வாங்கி மிஞ்சிய டொலரை, விசையையும் முழுவதும் மூடும் நல்ல உறையொன்றுக்கும், ஒரு பயிற்றுநருக்கும், ரவைக்கும் செலவழிக்கட்டும். முதல் வருடத்தில் ரிவோல்வரின் விலைக்குக் குறையாத தொகை பயிற்சிக்குப் போகவில்லையென்றால் அவர் வாங்கியது பாதுகாப்பு அல்ல என்பது என் அபிப்பிராயம். தமையனார் இருக்கும் டெக்சாசில் 2021 செப்டெம்பர் 1 முதல், தடைக்கு உட்படாத 21 வயது நிரம்பியவர்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு திரியலாம் என்று சட்டம் வந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்பதைப் பயிற்சி தேவையில்லை என்று விளங்கிக்கொண்டவர்கள் அங்கும் இருக்கிறார்கள். அதே மாநிலத்தில், ரவை போட்ட துவக்கைக் கவனக்குறைவாக வைத்து, அது பதினேழு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டால் வைத்தவர் மீது குற்றம். ஆகவே பூட்டும் பெட்டியும் அந்தச் செலவுக்குள் வர வேண்டும். அங்கே வாங்கியதை அடுத்த பயணத்தில் உங்களுக்குக் கொண்டுவரும் எண்ணம் அவருக்கு விளையாட்டாகக்கூட இருந்தால், அதை இன்றைக்கே மறக்கச் சொல்லுங்கள். ஏற்றுமதி அனுமதியின்றி வெளியே கொண்டு போவது அங்கும் குற்றம், அனுமதியின்றி உள்ளே கொண்டு வருவது இங்கும் குற்றம்.

இப்போது கண்டாவளை. வயல் காவலுக்கென்று மாவட்டச் செயலாளர் வழங்கும் துவக்கு அனுமதிப்பத்திரத்தோடு இதைக் குழப்பக் கூடாது. பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கும் கமக்காரருக்கான வழி அது. ஆட்பாதுகாப்புக்கென்று ரிவோல்வரோ பிஸ்டலோ கேட்பவர் பாதுகாப்பு அமைச்சிடம் போக வேண்டும். உயிருக்கு அச்சுறுத்தல் உண்டென்று ஆவணங்களோடு காட்ட வேண்டும், பொலிஸ் அறிக்கை சாதகமாக வர வேண்டும், கிடைத்தாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன்: ஆட்பாதுகாப்புக்காக ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்த சுடுகலன்களையே, மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7ஆந் திகதிக்கு முன்னர் வெலிசறைக் கடற்படை முகாமிலுள்ள பிரிவிடம் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு பணித்தது. அந்த நிலையில், நெல் வியாபாரி ஒருவரின் புதிய விண்ணப்பம் வெல்லுமென்று நான் நம்பிக்கை தரமாட்டேன். கிடைத்தாலும் 856தான் வேண்டும் என்று தெரிவு செய்யும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

சரி, கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். வீதியில் அது உங்களுக்கு என்ன செய்யும்? 1983இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றிப் பொலிசில் பயிற்றுநராக இருந்த டெனிஸ் டூலர் ஒரு கணக்கை எழுதினார்: கத்தியோடு நிற்கும் ஒருவர் இருபத்தொரு அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்து வந்துவிடுவார், பழகிய பொலிஸ்காரர் உறையிலிருந்து எடுத்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதேயளவு நேரம் எடுக்கிறது. அது பழகியவரின் கணக்கு, அதுவும் இரண்டு காலில் நின்று எதிரியைக் கண்டுகொண்டிருப்பவரின் கணக்கு. நீங்களோ கிரவல் வீதியில் பள்ளம் பார்த்து ஓட்டுகிறீர்கள். இரண்டு கையும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் இருக்கிறது. வாளோடு வருபவர்கள் பின்னாலிருந்து இன்னொரு மோட்டார் சைக்கிளில் இருவராக வருவார்கள். ரிவோல்வர் மடியிலா இருக்கும், பையிலா? (சாரத்து மடியில் செருகிக்கொண்டு போனவர்களைப் பற்றி ஆயுதக் களஞ்சியத்தில் கேட்ட கதைகளை இங்கே எழுதுவது நாகரிகமல்ல.) நீங்கள் அதைத் தேடி எடுக்கும் முன் அது காசோடு சேர்ந்து அவர்கள் கைக்குப் போய்விடும். காசை இழந்தவர் மறுநாள் பொலிசுக்குப் போகலாம், அனுமதி பெற்ற துவக்கை இழந்தவருக்குப் பொலிசில் வேறு விதமான வரவேற்பு.

பயிற்சி இன்னொரு தடை. தமையனார் வேலை முடிந்து காரை எடுத்துக்கொண்டு போனால் சுடுபயிற்சிக்கூடம் இருக்கிறது, ரவையைக் கடையில் வாங்கலாம். இங்கே ரவையின் எண்ணிக்கை அனுமதிப்பத்திரத்தோடு கட்டுப்பட்டது. வன்னியில் நீங்கள் போய்க் கைத்துப்பாக்கி சுட்டுப் பழக இடமில்லை. வளவில் சுட்டால் ஊர் கூடும், பிறகு வேறு ஆட்களும் வருவார்கள். மேலே நான் எழுதியபடி, சுட்டுச் சுட்டுப் பழகாதவருக்குச் சிறிய ரிவோல்வரைப் போல உதவாத ஆயுதம் வேறில்லை. விலை, அளவு, நம்பகம் என்று தமையனார் எண்ணிய சாதகங்கள் எல்லாம் பயிற்சி என்ற ஒன்றின் மேல் நிற்பவை. அது அங்கே வாங்கக் கிடைக்கிறது, இங்கே கிடைக்காது. அதனால்தான் ஒரே ரிவோல்வருக்கு அவருக்கு நிபந்தனையோடு ஆம் என்றும், உங்களுக்கு வேண்டாம் என்றும் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் என்றால் சுவரைப் பாருங்கள். .38 குண்டு தகரத்தையும் பலகையையும் கிடுகையும் தடையாகக் கொள்ளாது. விறாந்தையில் நிற்பவரைக் குறிவைத்துச் சுடும் வெடி, தவறினால் பலகைத் தட்டிக்கு அப்பால் அம்மா படுத்திருக்கும் பக்கமோ, பிள்ளைகளின் பாய்ப் பக்கமோ போகும். சீமெந்துக் கல் வீடு என்றாலும் கதவும் யன்னலும் பலகைதான். சட்டம் உங்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, இரவில் வீடுடைத்துப் புகுபவருக்கு எதிராக அந்த உரிமை எவ்வளவு தூரம் நீளும் என்பதை 96ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 92ஆம் பிரிவின்படி, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை எழாது, தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யவும் கூடாது. நகையை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டி ஓடுபவரின் முதுகில் சுட்டவர், நீதவான் முன்னால் நின்று அதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். அந்த விளக்கத்துக்கு வருடங்கள் எடுக்கும், அந்த வருடங்களில் நெல் வியாபாரம் நடக்காது.

உங்கள் கடிதத்தில் ரிவோல்வரைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அறுவடைக் காலத்தில் தனியே காசோடு வருகிறேன் என்ற வரி. உங்களிடம் நெல் போடும் கமக்காரர்கள் அனைவரும் வங்கிக் கணக்குக்குக் காசு வாங்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். சிலருக்கு அன்றே வெட்டுமெசின் கூலி கொடுக்க வேண்டும், சிலரின் கணக்கில் விழுந்த காசை வங்கி கடனுக்குப் பிடித்துக்கொள்ளும். ஒத்துக்கொள்பவர்களுக்காவது தொலைபேசியிலேயே பரிமாற்றம் செய்தால் நீங்கள் சுமக்கும் தொகை குறையும். மிஞ்சியதை ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வீதியால் கொண்டுவராதீர்கள். பரந்தன் சந்தியில் தேநீருக்கு நிறுத்தும் பழக்கம் இருந்தால் காசு நாட்களில் அதையும் விடுங்கள். இன்னொருவரின் வாகனத்தில், இருவராக வாருங்கள். எப்போது காசு எடுப்பீர்கள் என்பது உங்கள் களஞ்சியத்தில் மூட்டை தூக்குபவர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது, இப்படியான கொள்ளைகளில் தகவல் வெளியாட்களிடமிருந்து வருவது குறைவு. இரவில் வீட்டில் காசு தங்கக் கூடாது, தங்குவதில்லை என்பது ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் ஓர் அறையைத் தெரிந்தெடுங்கள். அம்மாவின் அறையே நல்லது, அவரால் எழும்பி ஓட முடியாது. அதன் கதவைத் தடித்த பலகையால் மாற்றி, உட்புறம் மேலும் கீழுமாக இரண்டு இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள். தாழ்ப்பாளின் ஆணி நிலைக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். சிறிய திருகாணியோடு வரும் தாழ்ப்பாள் இரண்டு உதைக்கு நிற்காது. ஒரு தொலைபேசி எப்போதும் அந்த அறையிலேயே மின்னேற்றியபடி இருக்கட்டும். 119ஐயும் அயலில் இரண்டு வீட்டு இலக்கங்களையும் பெரிய பிள்ளைக்கு அழுத்தப் பழக்குங்கள். வளவின் பின்பக்கத்துக்கு ஒரு விளக்கு, ஒரு நாய்.

இவற்றுக்குப் பிறகும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், அது உங்கள் உரிமை, நான் குறுக்கே நிற்கவில்லை. அப்போது அச்சுறுத்தல் ஏதும் வந்திருந்தால் பொலிசில் பதிந்த முறைப்பாட்டின் பிரதி, வியாபாரப் பதிவு, வங்கிக் கூற்றுகள் ஆகியவற்றோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். அனுமதிப்பத்திரம் எடுத்துத் தருகிறேன் என்று முற்பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம்.